மாதா மாதம் வாங்கும் மாத்திரைக்கு ஒரு வழி

வீட்டுப் பெரியவர்களின் மாத்திரை அட்டையைத் திருப்பி, அதில் அச்சிட்டிருக்கும் மருந்தின் மூலப்பெயரையும் (ஜெனரிக் பெயர்) மில்லிகிராமையும் போனில் படம் எடுத்து வையுங்கள். உதாரணமாக, பிராண்டு எதுவாக இருந்தாலும் "டெல்மிசார்டன் 40 மி.கி." என்று இருக்கும். அடுத்த மாதம் மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலோ (ஜன் அவுஷதி) தமிழக அரசின் முதல்வர் மருந்தகத்திலோ அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

பிராண்டுப் பெயரைச் சொன்னால் அங்கே பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். மூலப்பெயர் சொன்னால் அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்கும். விளம்பரச் செலவும் பிராண்டு மதிப்பும் விலையில் ஏறாததால்தான் இவ்வளவு மலிவு. ஜன் அவுஷதியில் 50 முதல் 80 சதவீதம் வரை குறைவு என்கிறது மத்திய அரசு. பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் என்று ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய பெரியவருக்கு இது சின்ன விஷயமே இல்லை. டாக்டர் சீட்டை மறக்காமல் கொண்டு போங்கள்.

பெயரோடு வரும் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். (மருந்து மெதுவாக வெளியாகும் வகை) போன்ற எழுத்துகளையும் சேர்த்துப் பாருங்கள். மெட்ஃபார்மின் 500-உம் மெட்ஃபார்மின் 500 எஸ்.ஆர்.-உம் ஒன்றல்ல. வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்துகளை டாக்டரைக் கேட்காமல் மாற்றவே கூடாது. இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரைகள் எல்லாக் கடையிலும் இருக்காது.

அந்தப் பணமும் இல்லாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம்: பிரஷர், சுகர் மாத்திரை அங்கே இலவசம். நடக்க முடியாதவர்கள் என்றால் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள், வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள்.