வேலை தேடுகிறவர்களுக்கு வழிகாட்ட வேண்டுமா? டெல்டாவில் இருந்துகொண்டே கற்றுக்கொள்ளலாம்

"என்ன கோர்ஸ் படிக்கணும்?" வேலைவாய்ப்பு வழிகாட்டியாக வர ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கோர்ஸ் இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நம் பக்கம் எந்த மாவட்டமாக இருந்தாலும், வேலை கேட்டு வருகிற ஆள் தனியாக வருவதில்லை. மூணு மா நிலம், சொசைட்டிக் கடன், தங்கச்சி கல்யாணம், ஊருக்குப் போகிற கடைசி பஸ் எல்லாம் அவரோடு சேர்ந்துதான் உள்ளே வருகின்றன. அதையெல்லாம் காதில் வாங்கத் தெரிந்த பிறகுதான் எந்தச் சான்றிதழும் உங்களுக்கு உதவும்.

நான் இதைத் தப்பு செய்துதான் தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த பையன் ஒருவன் வந்தான். நல்ல மார்க். சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள், தங்க இடமும் சாப்பாடும் உண்டு என்றார்கள், நான் பத்து நிமிடத்தில் பேசி முடித்து அவனை அனுப்பிவிட்டேன். இருபது நாளில் திரும்பி வந்துவிட்டான். அவன் அப்பாவுக்குப் பக்கவாதம், சம்பா நடவு நேரம், வயலுக்குத் தண்ணீர் கட்ட அவனை விட்டால் ஆள் இல்லை. நான் கேட்கவில்லை, அவனாகச் சொல்லவும் இல்லை. "கிடைத்த வேலையை விட்டுட்டு வந்தவன்" என்று அவன் வீட்டில் வாங்கிய பேச்சு இன்றைக்கும் என் மனதை உறுத்துகிறது.

அதனால் பயிற்சியைக் கேட்பதில் தொடங்குங்கள். தெரிந்தவர்கள், உறவுக்காரர்கள் என்று வேலை தேடுகிற பத்துப் பேரிடம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள், ஆனால் ஒரு யோசனையும் சொல்லக் கூடாது. இது சொல்வதற்குச் சுலபம், செய்வதற்குக் கஷ்டம், ஏனென்றால் நமக்கு எதிரில் ஒருவர் குழம்பி உட்கார்ந்திருந்தால் உடனே "நீ இதைப் பண்ணு தம்பி" என்று வாய் வந்துவிடும். "உனக்கு என்ன வேலை பிடிக்கும்?" என்று நேராகக் கேட்டால் "எதுன்னாலும் பரவால்ல சார்" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்தார் என்று சொல்லச் சொல்லுங்கள். ஊரில் யாருக்காவது எதற்காவது உதவி வேண்டுமென்றால் இவரை எதற்குக் கூப்பிடுவார்கள் என்று கேளுங்கள். ஒரு அக்கா, பி.காம். முடித்து ஒன்பது வருஷம் வீட்டில் இருந்தவர், தனக்கு அனுபவமே இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இந்தக் கேள்விக்குத்தான், தன் தெருவில் இரண்டு மகளிர் குழுக்களுக்குக் கணக்கும் வங்கி வேலையும் தானே பார்ப்பதாகச் சொன்னார். அவருடைய பயோடேட்டாவில் முதல் வரியாக வர வேண்டியது அதுதான்.

பிள்ளையோடு அம்மாவோ அப்பாவோ வந்து, நீங்கள் பிள்ளையைக் கேட்டதற்கெல்லாம் அவர்களே பதில் சொல்வார்கள். கோபப்படாதீர்கள், அது அக்கறை. முதலில் அவர்கள் பயத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, "அம்மா, கொஞ்சம் வெளியில் உட்காருங்க, தம்பிகிட்ட ஒரு கால் மணி நேரம் பேசிட்டுக் கூப்பிடுறேன்" என்று மரியாதையாகச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் முக்கியமானது, அங்கே கேட்டது வெளியே போகக் கூடாது. நம் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் மாமா, சித்தி. ஒருவர் மூன்று இன்டர்வியூவில் தோற்றதை நீங்கள் டீக்கடையில் சொன்னால் அன்றோடு உங்கள் தொழில் முடிந்தது.

இரண்டாவது பகுதி வேலைகளைத் தெரிந்துகொள்வது. 1908-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் வேலை வழிகாட்டலுக்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். ஆள் தன்னைத் தெரிந்துகொள்ள வேண்டும், வேலைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும், இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று அவர் பிரித்தது இன்றைக்கும் இந்தத் துறையின் அடிப்படை. நம் பக்கம் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது நடுவில் இருக்கிற அந்த இரண்டாவதில்தான்.

ஒரு தடித்த நோட்டு வாங்கி மாவட்டத்தைச் சுற்றுங்கள். அரவை மில், மீன்பிடித் துறைமுகம், தனியார் மருத்துவமனை, ஜவுளிக்கடை, டிராக்டர் ஷோரூம் என்று ஒவ்வொன்றிலும் யார் யார் என்னென்ன வேலை பார்க்கிறார்கள், எவ்வளவு சம்பளம், எந்த ஷிஃப்ட், பெண்கள் இருக்கிறார்களா, ஆறு மாதத்தில் எத்தனை பேர் விட்டுப் போகிறார்கள் என்று எழுதுங்கள். அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்குப் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் என்று பருவகால ஆட்களை எடுப்பார்கள். திருச்சியில் பெல் நிறுவனமும் பொன்மலை ரயில்வே பணிமனையும் ஐடிஐ முடித்தவர்களை அப்ரெண்டிஸாக எடுக்கின்றன, அதற்கு வயது வரம்பு சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் ஐடிஐ படிக்கும்போதே சொல்லிவிட வேண்டும். தஞ்சாவூரில் உணவு பதப்படுத்தலுக்கென்றே மத்திய அரசின் நிஃப்டெம் கல்வி நிறுவனம் இருக்கிறது, ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நாகையில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைக்கு நிலத்தை விட்டு ஓடுவது மட்டும்தான் வழி என்று சொல்வதற்கு முன் இந்த இடங்களின் வாசலை ஒரு தடவையாவது மிதித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம், அதாவது நாம் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் என்று சொல்வது, உங்களுக்கு இலவசப் பள்ளிக்கூடம். பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதை மறந்து சீனியாரிட்டியை இழந்தவர்களை நிறையப் பார்ப்பீர்கள். பதிந்து ஐந்து ஆண்டு முடித்து வேலை கிடைக்காத ஏழைக் குடும்பத்துப் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை உண்டு. சின்னத் தொகைதான், ஆனால் விண்ணப்பம் போட பஸ் செலவுக்கு அது ஆகும். அங்கே நடக்கிற தன்னார்வ பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள், தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களும் நடக்கின்றன. முகாமுக்குத் தன்னார்வலராகப் போய் நில்லுங்கள். ஒரே நாளில் நூறு பயோடேட்டாவைப் பார்ப்பீர்கள், எதை ஒதுக்குகிறார்கள், எதை எடுக்கிறார்கள் என்பது கண்முன்னே தெரியும். மத்திய அரசு 2015-ல் தொடங்கிய நேஷனல் கரியர் சர்வீஸ் இணையதளம், தமிழக அரசின் தனியார் துறை வேலை இணையம், 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் மூன்றையும் நீங்களே உள்ளே போய் ஒரு பதிவு போட்டுப் பழகுங்கள்.

தேர்வு விதிகளும் கைவசம் இருக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-ல் 200 கேள்வி, 300 மதிப்பெண், அதில் 100 கேள்வி தமிழ், தமிழில் குறைந்தபட்ச மதிப்பெண் எடுக்காவிட்டால் மீதி விடைத்தாளைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு, ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று வேண்டும். அந்தச் சான்றுக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடக்க வேண்டியதைக் கடைசி வாரத்தில் சொன்னால் என்ன பிரயோஜனம்?

வெளிநாட்டு வேலை பற்றித் தெரியாமல் டெல்டாவில் வழிகாட்ட வரவே கூடாது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, மன்னார்குடி எங்கே பார்த்தாலும் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிறார். பத்தாம் வகுப்பு முடிக்காதவர் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக நம் மத்திய அரசிடம் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும், சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டும்தான் வாங்கலாம். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. "விசிட் விசாவில் போ, அங்கே மாத்திக்கலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள், நகையை அடகு வைத்துவிட்டு வந்தவராக இருந்தாலும் நிறுத்துங்கள். தமிழக அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது, முதலில் அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள்.

சரி, இப்போது கோர்ஸ். நம் நாட்டில் வேலைவாய்ப்பு வழிகாட்டிக்கென்று தனி உரிமம் கிடையாது. அதனாலேயே இரண்டு நாள் வகுப்புக்குப் பெரிய தொகை வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். ஆசிரியராக இருக்கிறவர்களுக்கு என்சிஇஆர்டி நடத்தும் வழிகாட்டல் மற்றும் ஆலோசனை டிப்ளமோ நல்லது. ஒரு வருஷம், முதலில் வீட்டிலிருந்து படிப்பு, அப்புறம் நேரடி வகுப்பு, கடைசியில் களப் பயிற்சி, நமக்குப் பக்கம் மைசூர் மையம். இக்னோவில் எம்.ஏ. உளவியல் தொலைதூரமாகப் படிக்கலாம். உலக அளவில் ஜிசிடிஎஃப் என்று ஒரு சான்றிதழ் உண்டு, 120 மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சி. கல்லூரி பிளேஸ்மென்ட் செல்லிலோ திறன் பயிற்சி மையத்திலோ சம்பளத்துக்குச் சேர வேண்டுமென்றால் இவற்றில் ஒன்று கையில் இருப்பது உதவும்.

படிப்பில் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் மனிதர்களின் வேலை நாட்டத்தைப் பிரித்த ஆறு வகை வரும். கையால் செய்கிறவர், ஆராய்கிறவர், படைக்கிறவர், உதவுகிறவர், முன்னின்று நடத்துகிறவர், ஒழுங்காக வைக்கிறவர். பேச்சைத் தொடங்க நல்ல சாதனம், ஆனால் கேள்வித்தாளில் வந்த வகையை வைத்து ஒருவர் தலையெழுத்தைச் சொல்லிவிடாதீர்கள். பம்ப்செட்டைப் பிரித்து மாட்டுகிற பையனுக்குக் கேள்வித்தாளில் எந்த வகை வந்தாலும் அவன் கையைப் பாருங்கள்.

வேலை இல்லாமல் வருஷக்கணக்கில் இருந்தவர்களில் சிலர் தூக்கமில்லாமல், வாழப் பிடிக்காமல் இருப்பார்கள். அது உங்கள் பயிற்சிக்கு மேலானது. 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் இலவச மனநல உதவி எண்ணை அங்கேயே உட்கார்ந்து போட்டுக் கொடுங்கள், எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பாதீர்கள்.

பணம் பற்றியும் வெளிப்படையாகச் சொல்கிறேன். வேலை தேடுகிறவரிடம் ஆலோசனைக்கு நியாயமான கட்டணம் வாங்கலாம், ஆனால் அவரைச் சேர்த்துவிட்டதற்காகக் கம்பெனியிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கினால் நீங்கள் வழிகாட்டி இல்லை, புரோக்கர். இரண்டையும் ஒரே ஆளிடம் செய்ய முடியாது.

கடைசியாக, ஆளை அனுப்பியதோடு நோட்டை மூடாதீர்கள். சேர்ந்த பத்தாம் நாள் ஒரு ஃபோன், மூன்றாம் மாதம் ஒரு ஃபோன். சாப்பாடு எப்படி, சொன்ன சம்பளம் வந்ததா, வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு, அவர் சொன்னதை அந்தக் கம்பெனியின் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். அடுத்து அதே கம்பெனிக்குப் போக ஒருவர் வரும்போது அந்தப் பக்கத்தை அவரிடமே திருப்பிக் காட்டி, முதலில் படிக்கச் சொல்லுங்கள்.