மோட்லி க்ரூவா, பாய்ஸனா? ஒப்பிட்டுக் கேட்பது எப்படி

மோட்லி க்ரூ, பாய்ஸன் இரண்டும் அமெரிக்க ராக் குழுக்கள். இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்க வேண்டுமானால் முதலில் டேப் ரெக்கார்டரின் பாட்டரியைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், நான் மூன்று வருடம் பாய்ஸன் குழுவைத் தப்பாகக் கேட்டதற்குப் பாட்டரிதான் காரணம்.

ரங்கூனில், தாம்வேயில் இருந்த எங்கள் வீட்டில் அப்போதெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு கரண்ட் இருந்தால் அதிசயம். பெரியப்பா மகன் கப்பலில் வேலை பார்த்தார். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தவை இரண்டே இரண்டு மெட்டல் இசை, அதாவது அதிரடி ராக் கேசட்டுகள். ஒன்று மோட்லி க்ரூவின் 'ஷவுட் அட் த டெவில்', இன்னொன்று பாய்ஸனின் 'ஓப்பன் அப் அண்ட் சே ஆ'. புதுப் பாட்டரி போட்டதும் க்ரூவைத்தான் முதலில் கேட்பேன். பாய்ஸன் முறை வரும்போது பாட்டரி சோர்ந்திருக்கும். டேப் மெதுவாக ஓடும், சுருதி இறங்கும், பாடகர் குரல் பூதம் மாதிரி வரும். பாய்ஸன்தான் கனமான குழு என்று அத்தை மகனோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். பிறகு ஒருநாள், ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு வீட்டில் அதே கேசட்டைப் போட்டார்கள். பாய்ஸன் பாடகர் பிரெட் மைக்கேல்ஸ் கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி உற்சாகமாகப் பாடுகிறார்! மச்சான் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

இப்போது பாட்டரி தொல்லை இல்லை. ஆனால் அதே கோளாறு வேறு உருவத்தில் இருக்கிறது. இணையத்தில் சிலர் சுருதியை மாற்றிப் பாட்டை ஏற்றி வைக்கிறார்கள். பழைய பதிப்பைவிடப் புதிதாக மெருகேற்றிய பதிப்பு பெரும்பாலும் சத்தம் கூடுதலாக இருக்கும். சத்தம் கூடினால் நம் காது அதையே நல்லது என்று சொல்லிவிடும். அதனால் குழு பெயரில் வந்த முறையான பதிவையே எடுங்கள். இரண்டு பாட்டும் ஒரே அளவில் கேட்கிறதா என்று பார்த்து ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எந்தப் பாட்டை எதோடு வைப்பது? இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தனக்குப் பிடித்த குழுவின் சிறந்த பாட்டை எடுத்து, மற்றதன் சுமாரான பாட்டோடு மோத விடுவார்கள். அது ஒப்பீடு இல்லை, அடாவடி. ஏதாவது ஒன்றை இரண்டு பக்கமும் பொதுவாக வைக்க வேண்டும். இந்த இரண்டு குழுக்களுக்கும் அதற்கு அருமையான வசதி இருக்கிறது. க்ரூவின் 'கேர்ள்ஸ், கேர்ள்ஸ், கேர்ள்ஸ்' (1987), பாய்ஸனின் 'ஓப்பன் அப் அண்ட் சே ஆ' (1988) இரண்டு ஆல்பங்களையும் தயாரித்தவர் ஒரே ஆள், டாம் வெர்மன். பதிவு அறையில் உட்கார்ந்த காது ஒன்று. அப்படியும் வித்தியாசம் தெரிந்தால் அது பெரும்பாலும் குழுவுடையது.

முதல் தடவை டிரம்ஸ் மட்டும். க்ரூ ஆல்பத்திலிருந்து 'வைல்ட் சைட்' போடுங்கள். டிரம்ஸ் வாசிக்கும் டாமி லீ பாட்டைப் பின்னாலிருந்து தள்ளுகிறவர் இல்லை, முன்னால் நின்று இழுக்கிறவர். உடனே பாய்ஸனின் 'நத்திங் பட் எ குட் டைம்' போடுங்கள். அவர்களின் டிரம்ஸ்காரர் ரிக்கி ராக்கெட் தாளத்தை நேராகப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்பார், கைதட்டத் தோன்றும்படி பாட்டு ஓடும். ஒருவர் தவில்காரர், மற்றவர் ஜால்ரா என்று சொன்னால் பாய்ஸன் ரசிகர்கள் அடிக்க வருவார்கள். ஆனாலும் சொல்கிறேன்.

இரண்டாவது தடவை கிடார். க்ரூவின் கிடார்காரர் மிக் மார்ஸ் 'ஷவுட் அட் த டெவில்' (1983) காலத்தில் கிடாரை ஒரு கட்டை கீழே இறக்கிச் சுருதி சேர்த்தார். தந்தி தளரும், ஒலி தடிக்கும். பாய்ஸனின் 'எவ்ரி ரோஸ் ஹாஸ் இட்ஸ் தார்ன்' இறங்கியிருப்பது அரைக் கட்டைதான். என் பாட்டரி இலவசமாகச் செய்துகொடுத்த வேலையை மிக் மார்ஸ் கையால் செய்திருக்கிறார் என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதல். பாய்ஸனின் கிடார்காரர் சி. சி. டெவில் தனி ஆவர்த்தனத்தில் வேகமாகப் பறப்பார், அவசரம் தெரியும். மார்ஸ் நாலு ஸ்வரத்தை வைத்தே மிரட்டுவார். க்ரூவின் 'கேர்ள்ஸ், கேர்ள்ஸ், கேர்ள்ஸ்' பாட்டு மோட்டார் சைக்கிள் உறுமலோடு தொடங்கும். மோட்டார் சைக்கிளுக்குத் தடை போட்ட ரங்கூனில் உட்கார்ந்து அதைக் கேட்பது ஒரு தனி சுகம்.

முடி, உதட்டுச் சாயம் எல்லாம் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். 1986இல் பாய்ஸன் முதல் ஆல்பத்தின் அட்டையில் பூசியிருந்ததில் முக்கால்வாசியை க்ரூ 1985லேயே பூசிக்கொண்டது.

அடுத்த ஜோடி வேண்டுமானால் க்ரூவின் 'டாக்டர் ஃபீல்குட்' (1989), பாய்ஸனின் 'ஃப்ளெஷ் அண்ட் ப்ளட்' (1990) ஆல்பங்கள். இரண்டும் கனடாவில், வான்கூவரின் லிட்டில் மவுண்டன் ஸ்டுடியோவில் பதிவானவை. தயாரித்தவர்கள்தான் வேறு: க்ரூவுக்கு பாப் ராக் என்பவர், பாய்ஸனுக்கு புரூஸ் ஃபேர்பேர்ன். இதில் க்ரூ கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும்.

மெதுவான பாட்டில் கதை மாறும். க்ரூவின் 'ஹோம் ஸ்வீட் ஹோம்' (1985) பியானோவில் தொடங்கும், வாசிப்பவர் அதே டாமி லீ. 'எவ்ரி ரோஸ்' பாட்டுக்கு மைக்கேல்ஸ் சொல்லும் கதை இது: துணி துவைக்கும் கடையிலிருந்து காதலிக்குப் போன் செய்தாராம், பின்னால் ஓர் ஆண் குரல் கேட்டதாம். 1988 டிசம்பரில் அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. இரண்டையும் வார்த்தை இல்லாமல் முணுமுணுத்துப் பாருங்கள். ஆங்கில மெட்டில் பர்மியச் சொல் போட்டுப் பாடிய பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வார்த்தையை உருவிய பிறகும் மெட்டு நிற்கிறதா என்று பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். 'ஹோம் ஸ்வீட் ஹோம்' பாதிக்குமேல் பியானோ இல்லாமல் தள்ளாடுகிறது. 'எவ்ரி ரோஸ்' டீக்கடை வாசல் வரை கூடவே வருகிறது. க்ரூ கட்சிக்காரன் நான், இருந்தாலும் இதில் பாய்ஸனுக்குத்தான் என் ஓட்டு.

அக்கா மகனுக்கு இதையெல்லாம் சொல்லி ஒரு வாரம் கொடுத்தேன். வந்து, "மாமா, ரெண்டு குழுவிலுமே பேஸ் வாசிக்க ஆள் இல்லையா?" என்று கேட்டான். பேஸ் கிடார் வாசிக்கும் க்ரூவின் நிக்கி சிக்ஸும் பாய்ஸனின் பாபி டாலும் இதைக் கேட்டிருந்தால் அழுதிருப்பார்கள். எதில் கேட்டாய் என்றேன். போனில் இருக்கும் குட்டி ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறான். ஹெட்செட்டைக் கையில் கொடுத்து, மறுபடி 'வைல்ட் சைட்' போடச் சொன்னேன்.