ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள் ஷேக் டயட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி முடிந்து, திறந்த இல்ல உபசரிப்புகளும் ஓய்ந்த பிறகு எனக்கு வருகிற போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "அக்கா, வெயிட் ஏறிடுச்சு. அந்த அஞ்சு நாள் ஷேக் டயட் எப்படின்னு சொல்லுங்க." புரதப் பொடி கலக்கிய ஷேக்கில் தொடங்கி ஐந்தாம் நாள் கெட்டிச் சாப்பாட்டில் முடிகிற முறை அது. பேசுகிறவர்கள் எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷனோ பைபாஸ் ஆபரேஷனோ செய்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்கள். எடை நன்றாக இறங்கி, ஓர் இடத்தில் நின்று, இப்போது மெல்ல மேலே வந்துகொண்டிருக்கும். ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம், ஒன்றரை வருடம் வாக்கில் எடை அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு அப்புறம் கொஞ்சம் ஏறுவது பலருக்கும் நடப்பதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நானும் ஸ்லீவ் செய்துகொண்டவள்தான். கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன், புதிதாகச் செய்துகொள்கிறவர்களோடு துணைக்கு ஆஸ்பத்திரி போய் வருகிறேன். அன்றைக்கு நான் அடித்த அதே கூத்தை இவர்களும் வரிசை பிசகாமல் அடிப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதிவைக்கிறேன். இனிப்புப் பானம் வேண்டாம், மடமடவென்று குடிக்க வேண்டாம் என்பதெல்லாம் டயட்டிஷியன் கொடுத்த தாளிலேயே இருக்கும். அதற்குள் நான் போகவில்லை. ஆபரேஷன் முடிந்த கையோடு வரும் திரவ உணவுக் கட்டமும் வேறு சங்கதி. அதில் உங்கள் ஆஸ்பத்திரி சொல்வதுதான் சட்டம்.

முதல் வருடத்திலேயே செய்வது

வேண்டாம். முதல் வருடத்தில் எடை நின்றுபோனால் டாக்டரைப் போய்ப் பாருங்கள்.

மருந்தைப் பற்றிக் கேட்காமல் ஆரம்பிப்பது

நம் ஆட்களில் ஆபரேஷனுக்குப் பிறகும் இனிப்புநீர் மாத்திரை எடுக்கிறவர்கள் நிறைய. சோறும் ரொட்டியும் திடீரென்று நின்று வெறும் புரதம் மட்டும் உள்ளே போகும்போது, கிளிக்லசைடு மாத்திரையோ இன்சுலினோ பழைய அளவிலேயே இருந்தால் சர்க்கரை படுவேகமாக இறங்கிவிடும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையில் இருப்பது வேறு ஆபத்து. மாவுச்சத்து இல்லாத நாட்களில் அவை ரத்தத்தில் கீட்டோன் அமிலத்தை ஏற்றிவிடலாம், அதுவும் மீட்டரில் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே. ஊசியால் குத்திப் பார்த்து 'நார்மல்தானே' என்று உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானிலோ உங்கள் டாக்டரிடமோ முதலில் கேளுங்கள். ரத்த அழுத்த மாத்திரையையும், முக்கியமாக நீர் பிரியும் மாத்திரையையும் சேர்த்துக் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

புரதம் இல்லாததைப் புரதம் என்று குடிப்பது

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தோழி வீட்டு மேஜையில் ஒரு பெட்டியைப் பார்த்தேன். ரோஸ் நிறம், தங்க எழுத்து, உள்ளே விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள். உறவுக்காரப் பெண் ஒருத்தி தலையில் கட்டிவிட்டுப் போனது. பெட்டி இருநூறு ரிங்கிட்டுக்கு மேல். "இதுதான்க்கா என் புரோட்டீன், காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்றாள். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் படித்தோம். ஒரு பாக்கெட்டில் புரதம் 5 கிராம், அதுவும் மீன் கொலாஜன்.

கொலாஜனில் டிரிப்டோபான் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் கிடையாது. உடம்புக்கு அது முழுப் புரதம் ஆகாது. தோலுக்கு ஏதோ செய்கிறது என்கிறார்கள், இருக்கட்டும். தசையைக் காப்பாற்ற அதை நம்பி உட்கார முடியாது.

ஆபரேஷன் ஆனவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம். பாலிலிருந்து எடுக்கும் வே புரதத்தைச் சுத்திகரித்த நல்ல ஐசொலேட் பொடி ஒரு கரண்டியில் 25 கிராம் அளவுக்குக் கிடைக்கும். மூன்று வேளை குடித்தால் கணக்கு முடிந்தது. 250 மில்லி பாலில் 8 கிராம். சர்க்கரை போடாத சோயா பாலில் ஏறக்குறைய 7. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் சோயா பாலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது முக்கால்வாசி சர்க்கரைத் தண்ணீர். பருப்புத் தண்ணியும் ரசமும் தொண்டைக்கு இதம், புரதம் என்று பார்த்தால் பெயருக்குத்தான். மைலோவும் அப்படியே. மாமாக் கடையில் ஆற்றித் தரும் தே தாரேக் தேநீரில் ஊற்றுகிற கெட்டிப் பாலில் பாதிக்குப் பாதி சர்க்கரை.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது, வயிற்றால் போகிறது என்கிறவர்கள் வேயில் கான்சென்ட்ரேட்டை விட்டுவிட்டு ஐசொலேட்டை வாங்குங்கள். அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை மிகக் குறைவு.

இரண்டு நாளை ஐந்தாக்கி, ஐந்தைப் பதினைந்தாக்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

கைமாறிக் கைமாறி வந்திருக்கும் அந்த ஐந்து நாள் முறையில் திரவம் மட்டும் என்பது முதல் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் மென்மையான புரதம்: ஆவியில் வைத்த முட்டை, மெத்தென்ற தாவ்ஃபூ (சோயாக் கட்டி), மசித்த மீன். நான்காம் நாள் அதைவிடக் கொஞ்சம் கெட்டி. ஐந்தாம் நாள் பல்லுக்கு நன்றாக வேலை கொடுக்கிற கோழி, மீன், புளிக்கவைத்த சோயாவான தெம்பே. மொத்த ஏற்பாடும் அந்த ஐந்தாம் நாளுக்காகத்தான். ஆனால் ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு வருவதற்குள் பின்பாதி கழன்று விழுந்து, 'அஞ்சு நாளும் ஷேக்' என்று ஆகிவிட்டது. அதுவாவது போகட்டும், ஐந்தோடு நிறுத்துகிறார்களா?

ஜாலான் ஈப்போ பக்கம் கார் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி, ஐந்து நாளும் ஷேக் குடித்துவிட்டு எடை மெஷினைப் படம் எடுத்து அனுப்பினார். மூன்று கிலோ இறங்கியிருந்தது. "நிறுத்த மனசு வரலக்கா. தைப்பூசம் வரைக்கும் ஓட்டிடுறேன்" என்றார். வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மெஷின் சொன்னதை நம்பினவர் என்னை நம்பவில்லை.

அந்த மூன்று கிலோ என்னவென்று பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறைய வேண்டும். நாளுக்கு 1,200 கலோரி குறைத்தாலும் ஐந்து நாளில் 6,000தான். ஒரு கிலோ கொழுப்புகூடக் கரைந்திருக்காது. மீதி எங்கே போனது? நாம் சாப்பிடும் மாவுச்சத்தை உடம்பு கிளைக்கோஜனாக்கி ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரும் தங்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் அந்த இருப்பு தீர்கிறது, தண்ணீரும் கூடவே வெளியே போகிறது. அவர் இழந்ததில் பெரும்பங்கு அந்தத் தண்ணீர்தான்.

நடுவில் ஒரு நாள் அத்தை வீட்டில் நான்கு இட்லி சாப்பிட்டிருக்கிறார். கிளைக்கோஜன் திரும்பியது, தண்ணீர் திரும்பியது, மெஷினில் எடையும் ஏறியது. நாலு இட்லிக்கே எடை ஏறிடுச்சா என்று பயந்துபோய் மறுபடி ஷேக். மறுபடி இறக்கம், மறுபடி ஒரு கல்யாண விருந்து, மறுபடி ஏற்றம். இப்படியே தைப்பூசம் வந்தது. பத்துமலையின் 272 படிகளில் பாதியிலேயே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். அதற்கு இரண்டு மூன்று மாதம் கழித்துக் குளியலறை வடிகாலை அடைக்கிற அளவுக்கு முடி கொட்டியது. உடம்புக்கு அதிர்ச்சி இன்றைக்கு என்றால் முடி அதை இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் காட்டும். அதனால் அவர் ஷாம்பூவைத் திட்டிக்கொண்டிருந்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்கு முக்கியம். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பசிக்குதுக்கா, ஆபரேஷனே வேலை செய்யலை போல."

வேலை செய்ய அதற்கு எதுவும் கொடுத்தால்தானே? ஸ்லீவில் இரைப்பையின் முக்கால்வாசிக்கும் மேல் எடுத்துவிடுகிறார்கள். மிச்சமிருப்பது ஒடுக்கமான குழாய். பைபாஸில் மேலே விடுகிற பை 30 மில்லி அளவுதான். கெட்டியான கோழியோ மீனோ அதில் இறங்கினால் சற்று நேரம் நிற்கும், வயிறு நிறைந்துவிட்டது என்று தோன்றும். திரவம் அப்படி நிற்காது, நேரே இறங்கிப் போய்விடும். பல்லாயிரம் ரிங்கிட் கொடுத்து, உடம்பைக் கீறி, வாங்கி வைத்த வயிற்றுக் கட்டுப்பாடு திரவத்தின் முன் செல்லாது. வாரக்கணக்கில் ஷேக் குடிக்கிறவர் ஆபரேஷனே செய்யாத ஆள் மாதிரிப் பட்டினி கிடக்கிறார், அவ்வளவுதான்.

முதலில் எடை ஏறியதுகூட இதே வழியில்தான். முறுக்கு, அச்சு முறுக்கு, பிஸ்கட் எல்லாம் மென்றதும் கூழாகிவிடும். கூடவே தேநீரும் குடித்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு டின் முறுக்கு காலியாகும், வயிறு நிறைந்த உணர்வு மட்டும் வராது. அதே ஆளால் ஒரு கோழித் தொடையை முழுசாகச் சாப்பிட முடியாது.

அதனால் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது. ஷேக் பொடி வாங்கும் அன்றைக்கே மூன்றாம் நாள் முட்டையையும் ஐந்தாம் நாள் மீனையும் வாங்கி வைத்துவிடுங்கள். ஈக்கான் கெம்போங் (கானாங்கெளுத்தி) போதும், சால்மன் தேட வேண்டாம். இந்த நாட்களில் எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஐந்தாம் நாள் உள்ளங்கை அகலத்துக்குக் கோழியோ மீனோ தட்டில் வையுங்கள். தண்ணீர் பக்கத்தில் இருக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். மென்று, மெதுவாக, போதும் என்று தோன்றியதும் நிறுத்துங்கள். சீக்கிரமே வயிறு நிறைந்து மூன்று நான்கு மணி நேரம் பசிக்காமல் இருந்தால் உங்கள் ஸ்லீவுக்கு ஒரு குறையும் இல்லை, மாற வேண்டியது தட்டில் விழுகிற சாப்பாடு. அப்படியில்லாமல் கெட்டிச் சாப்பாடே ஒரு முழுத் தட்டு சிரமமில்லாமல் இறங்கினால் சர்ஜனிடம் போங்கள். எண்டாஸ்கோப்போ, மருந்து குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயோ பார்த்துச் சொல்வார்கள். அதை இன்னும் பத்து நாள் ஷேக் குடித்துக் கண்டுபிடிக்க முடியாது.

"வயிறு சுருங்கிடும்ல?"

சுருங்காது.

விரதத்தோடு முடிச்சுப் போடுவது

புரட்டாசியிலோ தைப்பூச விரதத்திலோ 'எப்படியும் கவிச்சி இல்லை, அப்படியே ஷேக் டயட்டும் ஆகட்டும்' என்று ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. ஒரு வேளைச் சாப்பாடு, மற்ற நேரம் பாலும் பழமும் என்று இருக்கிறவருக்கு ஐந்தாம் நாள் கெட்டிப் புரதம் எங்கிருந்து வரும்? விரதத்தை விரதமாக இருங்கள். அந்த நாட்களிலும் புரதம் குறையாமல் இருக்கத் தாவ்ஃபூ, தெம்பே, தயிர் இருக்கின்றன. வே பாலிலிருந்து எடுப்பது என்பதால் பெரும்பாலான விரதக்காரர்களுக்கு அதில் ஆட்சேபம் இருக்காது. வேண்டாம் என்றால் சோயா, பட்டாணிப் புரதப் பொடிகளும் கிடைக்கின்றன.

மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதத்தோடு பத்துமலை வரை நடக்கிறவர்களுக்கு இன்னொன்று. வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தலில் ரோஸ் சிரப்பும் பானகமும் அன்போடு நீட்டுவார்கள். வெறும் வயிற்றில் அதை வாங்கிக் குடித்தால், அதிலும் பைபாஸ் செய்தவராக இருந்தால், அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிற்றைக் கலக்கும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். மோர் கேட்டு வாங்குங்கள்.

வைட்டமினுக்கும் லீவு விடுவது

ஷேக் டப்பாவில் பெரிய பட்டியலே அச்சடித்திருந்தாலும் பி12, இரும்பு, கால்சியம் வழக்கம்போல் தொடரட்டும். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் விழுங்காதீர்கள்.

தண்ணீர்

ஒன்றரை லிட்டர், சொட்டுச் சொட்டாக. கோலாலம்பூர் வெயிலில் அலைகிற வேலை என்றால் இன்னும் கொஞ்சம்.

வாந்தியைப் பொறுத்துக்கொண்டு தொடர்வது

ஷேக் குடித்தால் குமட்டுகிறது, பரவாயில்லை, இரண்டு நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள். உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடுகிறவருக்குத் தொடர் வாந்தியும் சேர்ந்தால் அது சீக்கிரம் தீர்ந்து மூளையையும் நரம்பையும் தாக்கும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது எல்லாம் அதன் அறிகுறிகள். வாந்தி இரண்டு நாளாக நிற்கவில்லை என்றாலோ, தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றாலோ அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் முதல் வேலையாக, வயிற்றில் எந்த வருடம் என்ன ஆபரேஷன் செய்தது என்பதைச் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றும்.