எகிப்தியச் சவப்பெட்டியில் பெயரைத் தேடிப் படிப்பது எப்படி?

அருங்காட்சியகத்தில் எகிப்தியச் சவப்பெட்டியைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அந்த முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். உள்ளே கிடந்தவரின் பெயர் பெரும்பாலும் பெட்டியிலேயே எழுதியிருக்கும். பெயர் சொல்லப்படும்வரை இறந்தவருக்கு வாழ்வு உண்டு என்று எகிப்தியர் நம்பினார்கள். அந்தப் பெயரைத் தேட ஐந்தாறு குறிகள் தெரிந்தாலே போதும்.

1. வடிவத்தைப் பாருங்கள். நீளப் பெட்டியாக, பக்கப் பலகையில் இரண்டு கண்கள் தீட்டியிருந்தால் அது பெரும்பாலும் மத்திய அரசுக் காலத்தது, ஏறத்தாழ 4000 ஆண்டுப் பழையது. உடலை இடப்பக்கம் ஒருக்களித்து, முகம் அந்தக் கண்களுக்கு நேரே வரும்படி வைத்தார்கள். கண்கள் இருக்கும் பக்கம் கிழக்கு. இறந்தவர் அவற்றின் வழியே சூரிய உதயத்தைப் பார்ப்பார். ஆள் வடிவப் பெட்டிகள் அதே மத்திய அரசின் 12ஆம் அரச வம்சக் காலத்தில் வரத் தொடங்கின.

2. படங்களில் தெரிந்த முகங்களைத் தேடுங்கள். ஆள் வடிவ மூடியில் மார்புக்குக் கீழே சிறகு விரித்திருப்பவள் பெரும்பாலும் வானதேவி நூட், இறந்தோர் உலகின் கடவுளான ஒசைரிஸின் தாய். "தாயே நூட், என்மேல் விரிந்திரு, அழியாத விண்மீன்களிடையே என்னை வை" என்ற வேண்டுதலைப் பல மூடிகளில் காணலாம். மூடியே தாயின் உடல் என்பதுதான் இதன் பொருள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பக்கங்களில் ஒசைரிஸின் மகனான ஹோரஸ் கடவுளின் நான்கு பிள்ளைகள் நிற்பார்கள்: மனிதத் தலை இம்செட்டி, குரங்குத் தலை ஹாப்பி, நரித் தலை துவாமுதெஃப், வல்லூறுத் தலை கெபெசெனுஃப்.

3. எந்தப் பக்கமிருந்து படிப்பது? பறவைகளும் மனிதர்களும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அங்கிருந்து தொடங்குங்கள். வலப்பக்கம் பார்த்தால் வலமிருந்து இடம்.

4. காணிக்கை வாசகத்தைக் கண்டுபிடியுங்கள். வரித் தொடக்கத்தில் ஒரு செடி, ரொட்டி வைத்த பாய், கூரான முக்கோணம் ஆகியவை வரும். 'ஹெத்தெப் தி நெசு', அதாவது 'அரசன் தரும் காணிக்கை'. வாசிக்கும்போது கடைசியில் வரும் 'அரசன்' மரியாதைக்காக முதலில் எழுதப்படுகிறது. அப்புறம் ரொட்டி, பீர், மாடு, கோழியினம் என்று பட்டியல் வரும். தாமரை இலைக் குறிக்கு 'ஆயிரம்' என்று பொருள்.

5. சரி, இப்போது பெயர். உயர்த்திய இரு கைகள் 'கா', அதாவது உயிராற்றல். "இன்னாரின் காவுக்காக" என்று வாசகம் போகும். அல்லது சிம்மாசனமும் கண்ணும் சேர்ந்த 'ஒசைரிஸ்' குறியைத் தேடுங்கள். இறந்தவரை ஒசைரிஸ் என்றே அழைத்தார்கள். அதை அடுத்துப் பதவி வரும், 'வீட்டுத் தலைவி', 'அமுனின் (அமுன் என்ற கடவுளின்) பாடகி' என்பதுபோல. பிறகு பெயர். முடிவில் பெரும்பாலும் துடுப்புக் குறியுடன் 'மா கெரு', அதாவது 'வாய்மை உடையவர்' என்று இருக்கும். துடுப்புக்கு முன்னால் நிற்பதுதான் நீங்கள் தேடியது. வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஏறத்தாழ 3000 ஆண்டுப் பழைய, 21ஆம் வம்சத்து மஞ்சள் பெட்டிகள் சிலவற்றில் பெயருக்கான இடம் காலியாகவே இருக்கும். முன்கூட்டியே செய்துவைத்து, வாங்குபவரின் பெயரை எழுத விட்ட இடம் அது.