எல்எல்-37 பெப்டைடுக்கு எம்ஐசி பார்ப்பது எப்படி

எம்ஐசி என்பது பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு. எல்எல்-37 நம் நியூட்ரோஃபில்களும் (ஒருவகை வெள்ளையணுக்கள்) தோலும் சுரக்கும் 37 அமினோ அமிலப் பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு; நிகர மின்சுமை +6. சாதாரண ஆன்டிபயாடிக் போல இதைக் கையாண்டால் முடிவு பொய்க்கும்.

முதலில் தட்டு. 96 குழி பாலிபுரொப்பிலீன் தட்டுதான் வேண்டும். பாலிஸ்டைரீனில் பெப்டைடு சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். எம்ஐசி வீணாக ஏறித் தெரியும். கண்ணாடியும் அப்படித்தான்.

குப்பியில் உள்ள எடை முழுக்கப் பெப்டைடு அல்ல. டிஎஃப்ஏ (ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம்) உப்பும் ஈரமும் சேர்ந்தது. குப்பியோடு வரும் சான்றிதழில் உள்ள நிகரப் பெப்டைடு சதவீதத்தால் பெருக்கியே கணக்கிடுங்கள்.

0.2% பிஎஸ்ஏ (மாட்டு சீரம் அல்புமின் புரதம்) கலந்த 0.01% அசிட்டிக் அமிலத்தில் பத்து மடங்குச் செறிவில், 640 முதல் 1.25 மைக்ரோகிராம்/மி.லி. வரை, பாதி பாதியாக நீர்த்துக்கொள்ளுங்கள். ஈ.கோலை ஏடிசிசி 25922 என்ற தர ஒப்பீட்டு பாக்டீரியாவை 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலை அளக்கும் அளவுகோல்) கலங்கலுக்குக் கொண்டுவந்து, முல்லர்-ஹின்டன் என்ற வளர்ப்புத் திரவத்தில் 200 மடங்கு நீர்த்தால் மி.லி.க்குச் சுமார் 5 லட்சம் செல்கள். குழிக்கு 100 மைக்ரோலிட்டர் பாக்டீரியா, 11 மைக்ரோலிட்டர் பெப்டைடு; குழியில் பெப்டைடு செறிவு சுமார் பத்தில் ஒன்றாகும். 11ஆம் நெடுவரிசையில் பெப்டைடுக்குப் பதில் அதே அமிலக் கரைசல். 12இல் வெறும் திரவம். 37 டிகிரியில் 18 மணி நேரம் வைத்து, கண்ணுக்குக் கலங்கல் தெரியாத மிகக் குறைந்த செறிவைக் குறியுங்கள்.

11 தெளிவாக இருந்தாலோ 12 கலங்கியிருந்தாலோ தட்டைத் தூக்கிப் போடுங்கள்.

கால்சியம், மெக்னீசியம் சேர்த்த திரவத்தில் எம்ஐசி உயரும்: பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் பெப்டைடு பற்றும் இடத்துக்கு அந்த அயனிகளும் போட்டியிடும். எந்தத் திரவம் என்று எழுதாத எம்ஐசியை மற்றவர் எண்ணோடு ஒப்பிடவே வேண்டாம்.