பயத்தமாவு ஸ்கிரப்: அரைப்பது முதல் கழுவுவது வரை

சர்க்கரையை எலுமிச்சைச் சாற்றில் குழைத்து முகத்தில் தேய்க்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தாலே பதறுகிறது. சர்க்கரைப் பரலின் முனை கூர்மையானது, கீறிவிடும். எலுமிச்சையின் புளிப்பைத் தோல் தாங்காது. அதோடு வெயிலில் போனால் தோல் வெந்து கருத்துப்போகலாம். இறந்த செல்களைத் தோல் ஏறக்குறைய 28 நாளில் தானே உதிர்த்துவிடும். நாம் செய்வது சின்ன ஒத்தாசைதான். அதற்குப் பயத்தமாவு போதும்.

பச்சைப் பயறு கால் கிலோ, நிழலில் உலர்த்திய பன்னீர் ரோஜா இதழ் ஒரு கைப்பிடி, பூலாங்கிழங்கு 25 கிராம், கஸ்தூரி மஞ்சள் 10 கிராம். கிழங்கும் மஞ்சளும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். சமையல் மஞ்சள் வேண்டாம், முகத்தில் கறை பிடிக்கும்.

முதலில் எல்லாவற்றையும் வெயிலில் மொறுமொறுவென்று காய வையுங்கள். கிழங்கை உரலில் தட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மிக்ஸி பிளேடு தாங்காது. அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்து அரையுங்கள்.

அடுத்தது சலிப்பது. இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். மாவுச் சல்லடை போதாது. கிண்ணத்தின் வாயில் மெல்லிய பருத்தித் துணியை இறுக்கிக் கட்டி, மாவைக் கொட்டி விரலால் மெதுவாகத் தடவுங்கள். கீழே இறங்குவது பவுடர் போல இருக்கும். ஒரு சிட்டிகை எடுத்து மணிக்கட்டின் உள்பக்கம் தேய்த்துப் பாருங்கள். துளி நறநறப்பு தெரிந்தாலும் திரும்பச் சலியுங்கள். துணிமேல் தங்கிய கப்பியை வீசவேண்டாம், முழங்கைக்கும் குதிகாலுக்கும் ஆகும்.

புதிதாகப் பூசுபவர்கள் குழைத்த மாவை முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவிக் கழுவிவிட்டு, ஒரு நாள் பொறுங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் விட்டுவிடுங்கள்.

சரி, இனி முகம். முகத்தை நனைத்துக்கொண்டு, இரண்டு டீஸ்பூன் மாவைப் புளிக்காத தயிரில் தோசைமாவுப் பதத்தில் குழைத்துப் பூசுங்கள். தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலம் இறந்த செல்களின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தும். எண்ணெய் வழியும் முகமென்றால் தயிருக்குப் பதில் பன்னீர் (ரோஸ் வாட்டர்). இரண்டு, மூன்று நிமிடம் போதும். மூக்கோரம் இழுக்க ஆரம்பித்தால் தாமதித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். காய்ந்த மாவைத் தேய்க்காமல் தண்ணீர் தெளித்து இளக்குங்கள்.

விரல் நுனியால் வட்டமாக அரை நிமிடம் தேய்த்தால் போதும். கண்ணைச் சுற்றி வேண்டாம். உருண்டு வருவது பெரும்பாலும் மாவுதான். அழுக்கென்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்க்காதீர்கள். பச்சைத் தண்ணீரில் கழுவி, பருத்தித் துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். பகலில் வெளியே போவதானால் சன்ஸ்கிரீனும் போடுங்கள்.

வாரத்துக்கு ஒரு முறை போதும். சீழ்ப்பரு, எக்ஸிமா, வெயிலில் எரிந்த தோல் உள்ளவர்கள் தோல் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

மாவை ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, காய்ந்த ஸ்பூனால் மட்டும் எடுங்கள். குழைத்ததில் மிச்சமிருந்தால் கை, கழுத்தில் பூசித் தீர்த்துவிடுங்கள், ஃபிரிட்ஜில் வைக்கவேண்டாம்.