மெக்சிகோ கேம்களில் பலர் சறுக்கும் இடங்கள்

மெக்சிகோவை வைத்து வந்த வீடியோ கேம்களில், மண்டை ஓட்டைக் கண்டதும் இது பேய் கேம் என்று முடிவுகட்டுவதுதான் முதல் சறுக்கல். 'கிரிம் ஃபண்டாங்கோ'வை லூகாஸ்ஆர்ட்ஸ் 1998இல் வெளியிட்டது. இப்போது வாங்குவதானால் 2015இல் வந்த புதுப்பித்த பதிப்பையே வாங்குங்கள். பழையதில் ஆளை நடக்கவைப்பதே பெரும்பாடு. நாயகன் மேனி கலவேரா ஓர் எலும்புக்கூடு. செத்து வந்திறங்குகிறவர்களுக்குப் பயண ஏற்பாடு விற்பது அவன் உத்தியோகம். யோக்கியமாக வாழ்ந்தவருக்கு நாலே நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ரயில், மற்றவர்களுக்கு நாலு வருட நடை. இந்த நாலு வருடக் கணக்கு சும்மா போட்டதல்ல. இறந்தவர் மிக்த்லான் என்ற பாதாள உலகைக் கடக்க நாலு வருடம் ஆகும் என்பது மெக்சிகோவின் பழங்கால அஸ்டெக் மக்களின் நம்பிக்கை.

மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் வரும் இறந்தோர் திருநாளில் பயமுறுத்தல் கிடையாது. போனவர்களுக்குப் பிடித்த சாப்பாட்டைப் படைத்து, செண்டுமல்லியைக் கொட்டி அலங்கரித்து, அவர்களை வீட்டுக்கு வரவேற்கிறார்கள். (நம் ஊர் மாலைகளில் இருக்கும் அதே செண்டுமல்லிதான், அதன் பூர்வீகமே அந்தப் பக்கம்.) கேமில் ஒருவனைச் சுட்டால் ரத்தம் வராது, எலும்பெங்கும் பூ முளைக்கும், அத்தோடு ஆள் காலி. பண்டிகை தெரிந்தவருக்கு அந்தப் பூ ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

இதிலேயே இன்னொரு தவறு, பத்தாவது நிமிடத்தில் யூடியூபில் விடை தேடுவது. ஆரம்பத்தில் ஒரு புதிர் வரும்: பலூனுக்குள் பேக்கிங் நுரையை நிரப்பி, அலுவலகத்தில் காற்றழுத்தத்தால் கடிதம் போகும் தபால் குழாயில் திணித்து அடைக்க வேண்டும். இதை யாரும் எடுத்த எடுப்பில் யோசிக்க மாட்டார்கள். ஆனால் அந்த அலுவலகத்தில் எல்லாரிடமும் பேசிப் பார்த்தால் வழி பிடிபடும். அந்தப் பேச்சுதான் கேமே.

'குவாகமெலீ' (2013) இதற்கு நேர் எதிர். ஹுவான் என்ற விவசாயி சாகிறான், முகமூடி மாட்டிய மல்யுத்த வீரனாகத் திரும்புகிறான், அப்புறம் ஒரே அடிதடி. இங்கே பலரும் செய்வது கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டுவது. எதிரியைச் சுற்றி வண்ண ஒளிவட்டம் தெரிகிறதா, நின்று பாருங்கள். சிவப்பென்றால் மேல்நோக்கிப் பாயும் குத்து, மஞ்சளென்றால் தலைமுட்டு, பச்சையென்றால் தரையில் குதித்து மோதுவது, நீலமென்றால் பாய்ச்சல். வேறு அடி எதுவும் அந்த வட்டத்தை உடைக்காது. வெறும் நிழலாகத் தெரிகிறவன் அடுத்த உலகத்தில் நிற்கிறான். உயிருள்ளோர் உலகத்திலிருந்து இறந்தோர் உலகத்துக்கு மாறினால்தான் உங்கள் கை அவன்மேல் படும். சண்டை முடிந்த கையோடு அடுத்த கதவுக்கு ஓடுவதும் நஷ்டம்தான். ஊருக்குள் நின்று உலகத்தை மாற்றிப் பாருங்கள், செத்தவர்கள் பக்கம்தான் கலகலப்பு அதிகம். ஹுவானுக்கு வித்தை தரும் ஆட்டுமனிதன் உவாய் சீவோ, மெக்சிகோவின் யுகடான் பகுதி நாட்டார் கதைகளில் ஆட்டுருவம் எடுக்கும் மந்திரவாதி. கேமில் அவனைச் சிடுசிடுக்கும் வாத்தியாராக ஆக்கியிருக்கிறார்கள்.

அஸ்டெக், மாயா (இருவரும் மெக்சிகோ பக்கம்), இன்கா (தென் அமெரிக்காவின் பெரு பக்கம்) எல்லாம் ஒன்றுதான் என்று குழப்பிக்கொள்வது கேம்கள் நமக்குப் பழக்கிவிட்ட தவறு. 'ஷேடோ ஆஃப் த டூம் ரெய்டர்' மெக்சிகோவின் கோஸுமெல் தீவிலிருந்து பெருவுக்குத் தாவி, அங்கே மாயா அடையாளங்களை வைத்து ஒரு கற்பனை நகரத்தைக் காட்டுகிறது. ரசிக்கலாம், பாடமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. படை திரட்டிப் போரிடும் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'இல் அஸ்டெக்கை எடுத்துக்கொண்டு குதிரை லாயத்தைத் தேடாதீர்கள், கிடையாது. ஸ்பானியர் வந்த பிறகுதான் அங்கே குதிரை வந்தது. வேகத்துக்குக் கழுகு வீரர்களை நம்புங்கள்.

ஒரு மக்களை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகச் சொன்ன கேம் வேண்டுமென்றால் 'முலாக்கா' (2018). வட மெக்சிகோவின் சிவாவா நகரத்து லியென்சோ குழு, அதே மாநிலத்து மலைகளில் வாழும் ராராமுரி மக்களைப் பற்றிச் செய்தது. கதைசொல்லியின் குரல் ராராமுரி மொழியிலேயே ஒலிக்கும். அதைத் தாண்டிப் போகாமல் சப்டைட்டிலோடு கேளுங்கள். நாயகனின் உயிரளவு மூன்று ஆன்மாக்களாகக் காட்டப்படுவதற்குக் காரணம், ஆணுக்கு மூன்று ஆன்மா என்ற அவர்கள் நம்பிக்கை. மருந்து எடுத்தால் அவன் நின்று ஆடித்தான் குணமாவான். எதிரி பக்கத்தில் இருக்கும்போது அந்த பட்டனை அழுத்துவதுதான் புதிதாக ஆடுகிறவர்கள் செத்துப்போகும் வழி. முதலில் தூர ஓடுங்கள், ஓட்டத்துக்குப் பேர்போனவர்கள் ராராமுரிகள்.

கார் பந்தய கேமான 'ஃபோர்சா ஹொரைசன் 5' (2021) வரைபடத்தை நிஜ மெக்சிகோவாக நினைத்துவிட வேண்டாம். மத்திய மேட்டுநிலத்துக் குவானஹுவாட்டோ நகரத்திலிருந்து சில நிமிடத்தில் கடற்கரைக்குப் போய்விடலாம், அவ்வளவு சுருக்கியிருக்கிறார்கள். ஆனால் குவானஹுவாட்டோவுக்கு அடியில் ஓடும் சுரங்கச் சாலைகளை, ஓட்டாமலே வேறிடத்துக்குத் தாவும் வேகப்பயணத்தில் தவறவிடாதீர்கள். நிஜ நகரத்தில் ஆற்று வெள்ளத்தைத் திருப்பிவிட்ட சுரங்கங்களில் கார் ஓடுகிறது. எல்லாரும் சூப்பர் கார்களுக்கே காசைக் கொட்டுகிறார்கள். மெக்சிகோக்காரர்கள் 'வோச்சோ' என்று கொஞ்சும் பழைய பீட்டில் காரை ஓட்டிப் பாருங்கள். உலகத்தின் கடைசி பழைய பாணி பீட்டில் 2003 ஜூலையில் மெக்சிகோவின் பூயெப்லா தொழிற்சாலையிலிருந்துதான் வெளிவந்தது. அதை வைத்து கேமுக்குள் தனியாக ஒரு கதையே இருக்கிறது, பந்தயங்களுக்கு முன்னால் அதை ஆடிவிடலாம்.